கை தட்டிய வகுப்பு

சித்திரக்குளம் வடக்கு வீதி,
மயிலாப்பூர்.
18.11.96

அன்புள்ள மொழி,

எப்படி இருக்கே? உடம்பு சரியா இருக்கோ இல்லையோன்னு தினமும் நெனச்சுக்கறேன்.

இதை நம்ம ஆபீஸ் அட்டெண்டர் லாரன்ஸ் அண்ணன் கையில கொடுத்து அனுப்பறேன். அவர் உங்களுக்குப் பக்கத்து வீடுன்னு போன வாரம்தான் எனக்குத் தெரிஞ்சுது. தினமும் கிளாஸுக்கு சர்க்குலர் கொண்டு வரவர், ஒரு நாள்கூட உன்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிண்டதில்லை. நீ சொல்லி வச்சிருந்தியா?

தீபாவளி லீவு முடிஞ்சு காலேஜ் திறந்தாச்சு. லீவுக்கு முன்னாடியே நீ வரதை நிறுத்திட்டே. உன் இடத்துல என் பையை வச்சிண்டு உக்காந்திருக்கேன், வேற யாரும் வந்து உக்காரக் கூடாதுன்னு. காஸ்டிங்ல புது சேப்டர் ஆரம்பிச்சாச்சு. நோட்ஸை ரெண்டு தரமா எழுதி உனக்கு ஒண்ணு இதோட வச்சிருக்கேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு திட்டாதே.

என்ன கோபம் உனக்கு? பவுண்டேஷன் கோர்ஸ் கிளாஸ்ல அன்னிக்கு நடந்ததா? நான் அதைத் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாத்துட்டேன். அந்த சனிக்கிழமை கோர்ஸுக்கான வீட்டு சர்வேக்காகக் கோட்டூர்புரம் ஆத்தங்கரைக்கு வந்தப்போ அது உங்க இடம்னு எனக்குத் தெரியாது. நீ மந்தைவெளின்னுதானே சொல்லியிருந்தே. நானும் மாளவிகாவும் கேள்வித்தாளை எடுத்துண்டு ஒரு வாசல்ல நின்னோம். அந்த அம்மா எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, கடைசியில, “எம் பொண்ணும் உங்க காலேஜிதாம்மா, தமிழ்மொழின்னு பேரு”ன்னு சொன்னப்போ எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மாளவிகா நேரா மேடத்துகிட்ட போய்ச் சொல்லிட்டா.

புதன்கிழமை சுப்புலக்ஷ்மி மேடம் உன்னை எழுந்து நிக்கச் சொன்னா. “இந்தப் பொண்ணு எங்கேர்ந்து கிளம்பி வந்து நம்மோட உக்காந்து படிக்கிறான்னு நீங்க எல்லாரும் நேர்ல பாத்தாச்சு. இதுக்கு மேல நான் என்ன பாடம் நடத்தறது”ன்னா. கிளாஸே எழுந்து கை தட்டித்து. நானும் தட்டினேன். மேடத்துக்குக் கண் கலங்கிடுத்து. உன்னைக் குறைச்சலா யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே மொழி. நீ சந்தோஷமா இருக்கேன்னுதான் நான் நெனச்சேன்.

ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. திட்டியாவது எழுது.

உன்
மது


கோட்டூர்புரம்
25.11.96

அன்பு மது,

உன் கடிதமும் நோட்ஸும் கிடைச்சுது. கையெழுத்து பரவாயில்லை. ரெண்டாவது பக்கத்துல ஒரு கூட்டல் தப்பு இருக்கு, பாத்துக்கோ.

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. சர்வே அன்னைக்கும் காய்ச்சல் இல்லை. நீங்க எல்லாரும் எங்க தெருவுக்குத்தான் வர்றீங்கன்னு முந்தின நாள் மேடம் போர்டுல எழுதினதுமே லீவ் லெட்டர் எழுதிட்டேன். அன்னைக்கு நான் லாரன்ஸ் அண்ணன் வீட்டுக்குள்ள உக்காந்திருந்தேன். அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு தட்டிதான். நீங்க கேட்டது எல்லாமே எனக்குக் கேட்டுச்சு.

கக்கூஸ் எங்கன்னு மாளவிகா கேட்டா. குடும்பத் தலைவர் மது அருந்துபவரான்னு நீ கேட்டே. அச்சடிச்சதை அப்படியே படிச்சே. அம்மாவுக்கு அது புரியலை. அப்புறம் நீயே, “குடிப்பாராம்மா?”ன்னு கேட்டே. “குடிப்பாரும்மா, ஆனா கை நீட்ட மாட்டாரு”ன்னு அம்மா சொல்லிச்சு. அதையும் நீங்க எழுதிக்கிட்டீங்க. புதன்கிழமை ரிப்போர்ட்ல மாளவிகா அதைப் படிச்சப்போ பின்னாடி வரிசையில சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பு இல்லை. அம்மா சொன்ன விதம் அப்படி.

அம்மாவுக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம். கடையில கலர் சோடா வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்கன்னு வருத்தம். “உங்க காலேஜி பொண்ணுங்க எம்மாம் மரியாதையா பேசுதுங்க, உக்காருங்கம்மான்னு எனக்கே சொல்லுதுங்க”ன்னு தெரு முழுக்க சொல்லிக்கினு இருந்துச்சு. எங்க அப்பா சுவத்துல விளம்பரம் எழுதுறவரு. அவரும் அன்னைக்கு ராத்திரி குடிக்காம வந்து கதை கேட்டாரு.

கை தட்டினதைச் சொன்னே. போன செமஸ்டர் ஸ்டாடிஸ்டிக்ஸ்ல நான்தான் முதல் மார்க். அப்ப யாரும் தட்டலை, நானும் எதிர்பாக்கலை. இப்ப தட்டினது எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியலை. மறுநாள் நம்ம கிளாஸ் பொண்ணு ஒருத்தி பழைய சுடிதார் ரெண்டு கொண்டு வந்து கொடுத்தா. இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருந்தா. நான் வாங்கிக்கிட்டேன். வேணாம்னு சொன்னா திமிர்னு நினைச்சுப்பாளோன்னு பயந்தேன். அதுவரைக்கும் காலேஜ்ல எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. அதுக்கப்புறம்தான் நான் வரலை.

அம்மாவுக்கு இது தெரியாது. காலையில டிபன் பாக்ஸோட கிளம்பி மவுண்ட்ரோடு லைப்ரரிக்குப் போயிடுறேன். சாயங்காலம் வந்துடுறேன். லாரன்ஸ் அண்ணனுக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டாரு. காலேஜ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம்னு நான் கேட்டுக்கிட்டது நிஜம்தான். அதுக்கு அவர் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நீ எங்க வீட்டுக்கு வந்தது அந்த ஒரு தரம்தான். நான் கூப்பிடலை, சரி. நானும் உங்க வீட்டுக்கு வந்ததில்லை, நீயும் கூப்பிட்டதில்லை. நாம பெஞ்சுல மட்டும் சிநேகிதிங்க. அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு. நீ “எங்க ஆத்துல, எங்க ஆத்துல”ன்னு சொல்றப்பல்லாம் எனக்குள்ள சிரிப்பா வரும். நிஜமா ஆத்துல இருக்குறது எங்க வீடுதானேன்னு. என்னைக்காவது உன்கிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு இருந்தேன்.

இங்க தேடிக்கிட்டு வராதே. நோட்ஸ் கொடுத்தனுப்பு.

அன்புடன்
மொழி


மயிலாப்பூர்
27.12.96

அன்புள்ள மொழி,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ஒரு மாசம் பதில் எழுத முடியலை. நோட்ஸ் மட்டும் கொடுத்தனுப்பிண்டிருந்தேன். உன்னை ஏன் நான் ஆத்துக்குக் கூப்பிடலைன்னு யோசிச்சேன். காரணம் தெரியும். அதைத் தாள்ல எழுதினா எனக்கே பாக்க வெக்கமா இருக்கும். அதனால எழுதலை.

இங்க மார்கழி அமர்க்களம். விடியக்காலம் எழுப்பி விட்டுடறா. மாட வீதி முழுக்கக் கூட்டம். சாயங்காலம் ஆனா அம்மா கச்சேரிக்குக் கிளம்பிடறா, என்னையும் இழுத்துண்டு போறா. நான் சபாவுல உக்காந்துண்டு உன்னை நெனச்சுக்கறேன். நீ இந்நேரம் லைப்ரரியிலேர்ந்து பஸ் பிடிச்சிருப்பியான்னு.

இப்போ விஷயம். பவுண்டேஷன் கோர்ஸ் இருக்குமா இருக்காதாங்கறதே சந்தேகமா இருக்கு. அந்த ரெண்டு மணி நேரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கணும்னு நம்ம டிபார்ட்மெண்ட்ல கேக்கறாளாம். கோர்ஸ் படிச்ச பொண்கள் என்ன சொல்றான்னு பாத்துட்டு முடிவு பண்றேன்னு பிரின்சிபால் சொல்லிட்டா. அதுக்காக எல்லாருக்கும் கருத்துப் படிவம் கொடுத்திருக்கா. பேர் எழுத வேண்டாம். பாடம் பயன்பட்டுதா, பேராசிரியர் எப்படி நடத்தறா, எதை மாத்தலாம்னு மூணு கேள்வி. கிளாஸ் ரெப்ங்கறதால நான்தான் எல்லாத்தையும் வாங்கித் தொகுத்துக் கொடுக்கணும்.

ஜூன் மாசம் இந்தக் கிளாஸ்ல நாம என்ன பண்ணிண்டிருந்தோம்னு ஞாபகம் இருக்கா? பெஞ்சுக்கு அடியில அக்கவுண்ட்ஸ் கணக்கு. இப்போ படிவத்தைப் படிச்சா நம்ப முடியலை. ஒருத்தி, “மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் தூக்கம் வராத ஒரே வகுப்பு”ன்னு எழுதியிருக்கா. ஒருத்தி, “பாடம் நன்று, பரீட்சை வேண்டாம்”. இன்னொருத்தி ஃபேனை மாத்தச் சொல்லியிருக்கா. “மேடம் எங்களைப் பெரியவர்களாக நினைத்துப் பேசுகிறார்”னு ஒண்ணு. பாதிக்கு மேல உன்னைப் பத்தித்தான். “எங்கள் வகுப்புத் தோழிக்குக் கை தட்டிய நாளை வாழ்நாளில் மறக்க மாட்டேன்”னு ஆளுக்கு ஒரு விதமா எழுதியிருக்கா. உன் கடிதத்தைப் படிச்சதுக்கு அப்புறம் அந்த வரி வந்தாலே வேகமாத் தாளைத் திருப்பிடறேன்.

மேடம் உன்னை விசாரிச்சுண்டே இருக்கா. “அவ கருத்து எனக்கு வேணும், அவளுக்கு எப்படி இருந்ததுன்னு எனக்குத் தெரியவே இல்லை”ன்னா. அட்டெண்டன்ஸ் குறைச்சலுக்குத் தானே கையெழுத்து போட்டுத் தரேங்கறா, நீ பொங்கலுக்கு அப்புறமாவது வந்துடணும்.

ஒரு படிவம் இதோட இருக்கு. இஷ்டம் இருந்தா எழுது.

உன்
மது


கோட்டூர்புரம்
16.1.97

அன்பு மது,

பொங்கல் நல்லபடியா ஆச்சா? எங்க வீட்டுல பானை வழிஞ்சுது. ஆனா யாரும் சத்தம் போடலை. ஏன்னு சொல்றேன்.

லாரன்ஸ் அண்ணன் வீட்டுல அக்கா வாய் தவறி அம்மாகிட்ட சொல்லிட்டாங்க, நான் காலேஜுக்குப் போறதே இல்லைன்னு. அம்மா அடிக்கும்னு நினைச்சேன். அடிக்கலை. அரிசி களைஞ்சுக்கிட்டே, “அன்னிக்கு அந்தப் பொண்ணுங்க கைல நான் எதுனா தப்பா பேசிட்டனா?”ன்னு கேட்டுச்சு. இல்லம்மா, உடம்பு முடியலை, ரொம்ப நாள் லீவு ஆயிடுச்சு, திட்டுவாங்கன்னு பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். நம்பிச்சா தெரியலை. “மேடத்தாண்ட நான் வந்து சொல்லட்டா?”ன்னுச்சு. வேணாம்னேன்.

அதனால திங்கக்கிழமை வர்றேன். எங்க போயிருந்தேன்னு யாரும் கேக்காம நீ பாத்துக்கோ.

படிவத்துல எழுத ஆரம்பிச்சேன், வரலை. உனக்குச் சொல்றேன். உனக்கு மட்டும். தனித்தாள்ல எழுதியிருக்கேன், படிச்சுட்டு வச்சுக்கோ.

மொழி

(தனித்தாள்)

மேடம் நல்லா நடத்துவாங்க. மத்தவங்க கேள்வி கேட்டா அதுக்குப் பதிலைக் கையில வச்சுக்கிட்டுக் கேப்பாங்க. இவங்க தனக்கே பதில் தெரியாததைக் கேப்பாங்க. நம்ம ஊர் ஆறு ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு நாள் கேட்டாங்க இல்லை? ஆளாளுக்கு அந்தக் கரையில குடியிருக்கிறவங்களாலதான்னு சொன்னாங்க. மழைக்காலத்துல எந்தக் குழாயிலேர்ந்து எந்த நிறத்துல தண்ணி வந்து விழுதுன்னு நான் தினமும் பாக்கிறேன். சொல்லணும்னு இருந்துச்சு. கை தூக்கலை. வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க எப்படிச் சொல்லலாம்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நானே கை தூக்கிப் பேசியிருப்பேன். எங்க இருக்கேன்னும் நானே சொல்லியிருப்பேன். அதுக்குள்ள என்னை எழுப்பி நிக்க வச்சுட்டாங்க.

பாடம் நல்ல பாடம்தான் மது. அதுல நான் ஒரு பாடமா ஆனதுதான் கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு. தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா பேசினதைக் கேக்கக் கேக்க எனக்கு அவமானமா இருந்துச்சு. எப்படா நிறுத்தும்னு இருந்துச்சு. கை தட்டினது அப்புறம்தான். முதல்ல எனக்கு வலிச்சது எங்க அம்மாவை நினைச்சு நான் வெக்கப்பட்டதுதான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.


மயிலாப்பூர்
10.3.97

அன்புள்ள மொழி,

நீ மறுபடியும் வரதை நிறுத்திட்டே. இந்தத் தரம் காரணம் நான். நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

ஜனவரியிலேர்ந்து நீ என் பக்கத்துல உக்காந்திருந்த நாளெல்லாம் நான் பேசினது பாதி, பேசாதது பாதி. ஏன்னா நீ வரத்துக்கு முந்தின சனிக்கிழமையே நான் அந்தத் தாளை மேடத்துகிட்ட கொடுத்துட்டேன். தொகுப்பைக் கொண்டு போய் நீட்டினேன். “தமிழ்மொழி ஒண்ணும் எழுதலையா?”ன்னு கேட்டா. எழுதினா, ஆனா உங்களுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கணும். என் கைப்பையிலேயே அது இருந்தது. கை தட்டின கதையையே எல்லாரும் எழுதி, அதை நான் அழகாத் தொகுத்து, மேடம் அதைப் பாத்துப் பூரிச்சுப் போயிண்டிருந்தா. எனக்குப் பொறுக்கலை. எடுத்துக் கொடுத்துட்டேன்.

மேடம் நின்னுண்டே படிச்சா. அப்புறம் மாடிப்படியிலேயே உக்காந்துட்டா. “நான் என்ன காரியம் பண்ணியிருக்கேன்”னு சொன்னா. எனக்கு அப்போ நிம்மதியா இருந்தது மொழி, பொய் சொல்லலை. இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பிப்ரவரியில யூனிவர்சிட்டியிலேர்ந்து கோர்ஸைப் பாக்க வந்தா இல்லையா, அந்தக் கூட்டத்துல மேடம் அதைப் படிச்சிருக்கா. தன் தப்பைத் தானே சொல்லணும்னுதான் படிச்சாளாம். வந்தவா எல்லாரும் ஆடிப் போயிட்டாளாம். ஒரு மாணவி இப்படி எழுதற அளவுக்கு ஒரு பாடம் யோசிக்க வைக்கறதுன்னா அது எல்லாக் காலேஜ்லயும் இருக்கணும்னு சொல்லியிருக்கா. அப்புறம் பிரின்சிபால் அதைக் காலேஜ் மேகஸினுக்குக் கொடுத்துட்டா. “ஆற்றங்கரையிலிருந்து ஒரு குரல்”னு தலைப்பு. பேர் போடலைன்னு அவாளுக்குச் சமாதானம். நம்ம காலேஜ்ல ஆத்தங்கரைன்னா வேற யாரு?

நீ அதை என் பக்கத்துல உக்காந்துண்டுதான் படிச்சே. மூடி வச்சுட்டுப் பையை எடுத்துண்டு போயிட்டே. என்னைத் திரும்பிப் பாக்கலை.

கோர்ஸ் தப்பிச்சுடுத்து. அடுத்த வருஷத்துலேர்ந்து வீடு வீடாப் போய்க் கேள்வி கேக்கறது கிடையாதுன்னு மேடம் எழுதிக் கொடுத்திருக்கா. நான் பண்ணினது தப்புன்னு தெரியும். ஆனா உன் எழுத்தால ஒரு நல்லது நடந்திருக்குன்னும் தோணறது. இப்படித் தோணறதும் தப்பான்னு தெரியலை.

மேடம் இந்த ஞாயித்துக்கிழமை உங்க ஆத்துக்கு வந்து நேர்ல மன்னிப்புக் கேக்கப் போறாளாம். போகலாமான்னு என்னைக் கேட்டா. வேண்டாம்னு நான் தடுக்கலை.

மது


24.3.97

மதுவந்தி,

ஆத்தங்கரையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, கவர்மெண்டுல. வேளச்சேரி தாண்டி ஏரிப் பக்கம் மாடி வீடு கொடுத்திருக்காங்க. அங்கேருந்துதான் எழுதுறேன். லாரன்ஸ் அண்ணனும் எங்க பிளாக்தான். இன்னும் காலேஜுக்குப் போய் வந்துக்கிட்டு இருக்காரு, ரெண்டு பஸ் மாறி.

நாங்க சாமான் கட்டிக்கிட்டு இருந்த ஞாயித்துக்கிழமைதான் மேடம் வந்தாங்க. தனியா வந்தாங்க, ஆட்டோவுல. எங்க வீட்டுல நாற்காலியைக்கூட கட்டி வச்சாச்சு. அரிசி மூட்டை மேல உக்காந்தாங்க. அம்மா ஓடிப் போய் கலர் வாங்கிட்டு வந்து கையில கொடுத்துட்டு நின்னுச்சு. மேடம் வரலாம்னு நீ எழுதியிருந்தே. நான் அம்மாகிட்ட எதுவும் சொல்லி வைக்கலை. என்னன்னு சொல்றது?

“உங்க பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்மா. உங்ககிட்டயும்தான்”னாங்க மேடம்.

“எங்கிட்ட இன்னாத்துக்கும்மா?”ன்னு அம்மா சிரிச்சுச்சு.

“அன்னிக்கு உங்களை அப்படியெல்லாம் கேள்வி கேக்க விட்டிருக்கக் கூடாது. நீங்க பேசினதை நெனச்சு இந்தப் பொண்ணு எவ்வளவு கூனிக் குறுகிப் போயிருக்கா. அவ எழுதினதைப் படிச்ச பிறகுதான் எனக்கே புரிஞ்சுது.”

நான் மேடம், மேடம்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். அவங்க அழுதுக்கிட்டே பேசினதால கேக்கலை. நல்லவங்க. மனசுல இருந்ததை எல்லாம் இறக்கி வச்சுட்டுப் போனாங்க. அம்மா அவங்களை ஆட்டோ வரைக்கும் போய் ஏத்தி விட்டுட்டு வந்துச்சு.

அன்னைக்கு ஒண்ணும் கேக்கலை. வேன்ல சாமான் மேல உக்காந்து வர்றப்பதான் கேட்டுச்சு. “நான் பேசுனது ஒனக்கு வெக்கமா போச்சா?”ன்னு. அப்பா முன்னாடி டிரைவர் பக்கத்துல இருந்தாரு. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஒரு தரம் இல்லைன்னு சொல்லியாச்சு. “செரி”ன்னுச்சு. அவ்வளவுதான்.

இங்க வந்ததிலேருந்து அம்மா பேசுறதே இல்லை. வீட்டுல பேசும். வெளியில யாராவது எதுனா கேட்டா என்னைப் பாக்குது. ரேஷன் கார்டு மாத்தப் போனோம். அங்க இருந்த ஆள் எத்தனை பேருன்னு கேட்டதுக்கு, “நான் இன்னா பேசட்டும், நீயே சொல்லு”ன்னு என்கிட்ட சொல்லிச்சு. தெருக்குழாயில நின்னா நாலு தெரு சேதி சொல்ற அம்மா, மது, அது.

கை தட்டினப்ப நான்தான் நின்னேன். அதை நான் தாங்கிக்கிட்டிருப்பேன். நீ எனக்கு எழுதின கடிதத்தை நான் யார்கிட்டயும் காட்டலை. மாடிப்படி, மேடம் உக்காந்துட்டது, நிம்மதி, இதெல்லாம் நீ எழுதியிருந்தே. எங்க வீட்டுல அந்த நிம்மதி இல்லை.

உன்மேல கோபப்பட நிறைய தரம் பாத்தேன். நீ கெட்டவ இல்லைன்னு தெரிஞ்சதால அதுகூட முழுசா வரலை.

பரீட்சை எழுதுவேன். மேடம் கையெழுத்து போட்ட ஹால் டிக்கெட்டை வாங்கிக்கிட்டேன். நான் எழுதின எல்லாத்தையும் லாரன்ஸ் அண்ணன்கிட்ட கொடுத்துடு. ஹால்ல என்கிட்ட பேச வராதே.

தமிழ்மொழி


மயிலாப்பூர்
29.4.97

மொழிக்கு,

நீ எழுதினது எல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. எதையும் காப்பி எடுக்கலை. அந்தத் தனித்தாளை மேடத்துகிட்டேர்ந்து கேட்டு வாங்கிட்டேன். அடுத்த வருஷம் இந்தக் கோர்ஸை வேற யாராவது நடத்தட்டும்னு மேடம் எழுதிக் கொடுத்துட்டாளாம். லாரன்ஸ் அண்ணன்தான் சொன்னார்.

பரீட்சை முழுக்க நான் உன் பக்கம் வரலை. நீ சொன்னபடிதான் இருந்தேன். கடைசிப் பேப்பர் அன்னிக்கு மட்டும் ஒண்ணு நடந்தது. நீ என்னைப் பாத்திருக்க மாட்டே. அதைச் சொல்லிடறேன்.

அத்தை பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கணும்னு அம்மா என்னைக் கூட்டிண்டு நேரா தி.நகர் போறதா ஏற்பாடு. காலேஜ் வாசல்ல வந்து நின்னுண்டிருந்தா. நான் சீக்கிரம் எழுதி முடிச்சுட்டு வெளியில வந்தேன். வாட்ச்மேன் ரூம் பக்கம் வரப்போ பாக்கறேன், எங்க அம்மாவும் உங்க அம்மாவும் மர நிழல்ல பக்கத்துல பக்கத்துல நின்னுண்டிருக்கா. நான் அங்கேயே நின்னுட்டேன்.

எங்க அம்மாவுக்கு யாரைப் பாத்தாலும் பேசணும். “உங்க பொண்ணும் பரீட்சையா? என்ன குரூப்?”னு கேட்டா. உங்க அம்மா, “பி.காம்மு”ன்னா. “எங்கேர்ந்து வரேள்?”னு அடுத்தது. உங்க அம்மா பதில் சொல்லலை. முந்தானையைப் பிடிச்சுண்டு கேட்டையே பாத்துண்டிருந்தா. அம்மா மறுபடியும் கேட்டா. அப்பவும் சொல்லலை. எனக்கு ஓடி வந்து நடுவுல ஏதாவது சொல்லிடலாமான்னு இருந்தது. கால் எடுத்து வைக்கலை. என்ன சொல்லியிருந்தாலும் அது தப்பாத்தான் போயிருக்கும்.

அப்போதான் நீ வந்தே. நேரா போய் உங்க அம்மா தோள்ல கை வச்சுண்டு எங்க அம்மாகிட்ட சொன்னே: “இவங்க எங்க அம்மா. முத்தம்மா. கோட்டூர்புரம் ஆத்தங்கரையில இருந்தோம். இப்ப வேளச்சேரி தாண்டி.” அப்புறம் உங்க அம்மாவைப் பாத்து, “புது வீடு எப்படி இருக்குன்னு சொல்லேம்மா அவங்களுக்கு”ன்னே.

முதல்ல அவா உன் முகத்தைத்தான் பாத்தா. நீ சும்மா நின்னுண்டிருந்தே. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சா. தண்ணி லாரி வராதது, மாடிப்படியில லைட்டு இல்லாதது, பக்கத்து வீட்டுக்காரி கோழி வளக்கறது, பஸ் கண்டக்டர் சண்டை. போகப் போகக் கை ரெண்டும் ஆட ஆரம்பிச்சுது. எங்க அம்மா வாயைத் திறக்கவே இடம் இல்லை. ரெண்டு பேரும் எதுக்கோ சிரிச்சா. நீ குறுக்க ஒரு வார்த்தை பேசலை. பஸ் வந்ததும் போயிட்டேள்.

நான் கொஞ்சம் கழிச்சுத்தான் வெளியில வந்தேன். தி.நகர் போற பஸ்ல அம்மா அதே பேச்சுதான். “எவ்வளவு நன்னாப் பேசறா அந்த அம்மா, நேரம் போனதே தெரியலை. அந்தப் பொண்ணும் பி.காம்னா உன் கிளாஸாத்தான் இருக்கணும். உனக்குத் தெரியுமோ?”ன்னு கேட்டா.

தெரியும்னு சொன்னா அம்மா விடமாட்டா. பேர் என்ன, எப்படிப் படிக்கிறா, ஏன் ஆத்துக்கே வரலைன்னு ஒண்ணு ஒண்ணாக் கேப்பா. நானும் சொல்லிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஜன்னல் பக்கம் திரும்பிண்டு, தெரியாதும்மான்னு சொன்னேன்.

இதுக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

மதுவந்தி